பெரார்தினோவின் பேரிக்காய் மரம்

மாலை ஐந்து மணி ஆனதும் பெரார்தினோ செய்கிற முதல் வேலை, காப்பிக்கடைக்குப் பின்னால் போய் மின்வேலியின் சுவிட்சை அணைப்பதுதான். பேரிக்காய் மரத்தடிக்குக் கரடி வரக்கூடாது என்று வனத்துறை இலவசமாகப் போட்டுக்கொடுத்த வேலி அது. கரடி வராவிட்டால் கடைக்கு யார் வருவார்கள்? ரோமிலிருந்து காரை எடுத்துக்கொண்டு மலையேறுகிறவர்கள் இவன் காப்பிக்காகவா வருகிறார்கள்? குடித்தவர்களுக்குத் தெரியும்.

அந்த செப்டம்பர் முழுக்க, வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு தாய்க்கரடி இரண்டு குட்டிகளோடு வந்து, உதிர்ந்த பழங்களைத் தின்றுவிட்டுப் போனது. மேசைகளில் உட்கார இடமில்லை. பெரார்தினோவுக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் மனைவியின் தங்கை இலாரியா வனக்காவலர். ஒரு சனிக்கிழமை மாலை சீருடையோடு வந்து நின்றாள்.

"அத்தான், வேலி ஒழுங்கா வேலை செய்யுதா?"

"பிரமாதமா செய்யுது. தொட்டா தூக்கி அடிக்கும்."

இலாரியா நேராகப் போய்க் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். கடையே சிரித்தது.

"அடிக்கலையே அத்தான். என் மேல அவ்வளவு பாசமா இதுக்கு?"

"கரண்ட் போயிருக்கும்," என்று வழிந்தான்.

"காப்பி மெஷினுக்கு மட்டும் போகலை போல." பிறகு குரலைத் தணித்தாள். "விளையாட்டில்ல அத்தான். இந்த மலையில குட்டி போட்ட தாயை விரல் விட்டு எண்ணிடலாம். மனுஷங்ககிட்ட இப்படிப் பழகிட்டா, பிடிச்சுக் கூண்டுல போடுன்னு உத்தரவு வரும்."

அவள் பேசி முடிக்கவில்லை, கரடிகள் வந்துவிட்டன. ஒரு குட்டி கம்பிக்கு அடியில் நுழைந்து, பேரிக்காயைத் திரும்பியும் பார்க்காமல், முன்மேசையில் காலை ஊன்றி ஜாம் கேக்கை நக்க ஆரம்பித்தது. தாய் பின்னங்கால்களில் எழுந்து நின்று புஸ்ஸென்று மூச்சுவிட்டது.

"யாரும் ஓடாதீங்க. மெதுவா எந்திரிச்சு உள்ள போங்க," என்றாள் இலாரியா.

நல்லவேளை, எல்லோரும் கேட்டார்கள். குட்டி தட்டைத் துடைத்து வைத்துவிட்டுத் தாயோடு போய்ச் சேர்ந்தது. பெரார்தினோ அந்தக் காலித் தட்டைக் கையில் எடுத்தான். அந்தக் குட்டி என்ன தப்பு செய்தது? கற்றுக்கொடுத்தவன் இவனல்லவா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இதை மேலிடத்துக்கு எழுதப்போறியா?" என்று இலாரியாவைக் கேட்டான்.

"நடந்ததை எழுதித்தான் ஆகணும். மரத்துல பழம் காலி, வேலியில கரண்ட் ஓடுதுன்னும் சேர்த்து எழுத முடிஞ்சா, தாயை விட்டுடுவாங்க."

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்த ஊர், பெரார்தினோவை மரத்தின் மேல் பார்த்தது. அவன் உலுக்க உலுக்க, கீழே கூடைகள் நிரம்பின. யார் தலையிலோ பழம் விழுந்தது, யாரோ பாடினார்கள், கேட்டவர்களெல்லாம் கூடையோடு வந்தார்கள். மதியத்துக்குள் மரம் மொட்டை. வீட்டுக்கு வீடு ஜாம் கொதித்தது.

மாலையில் தாய்க்கரடி மூக்கால் கம்பியைத் தொட்டது. துள்ளி விலகி, குட்டிகளை ஓட்டிக்கொண்டு மலையேறியது. இலாரியாவின் அறிக்கையைப் படித்த மேலதிகாரிகளும் கூண்டுப் பேச்சை விட்டார்கள்.

அடுத்த வாரம் ஒருவர் காரிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, "கரடி எத்தனை மணிக்கு வரும்?" என்றார்.

பெரார்தினோ அவர் கையில் தொலைநோக்கியைத் திணித்து எதிர்மலையைக் காட்டினான். அங்கே பழப்புதர்களுக்கு நடுவில் மூன்று கரடிகள் வயிறார மேய்ந்துகொண்டிருந்தன.

"இனி இங்க வராது சார். அதுங்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கேயே இருக்கு. நாம ஆசையா போடற ஒவ்வொரு பழமும் அதைக் கூண்டுக்குத்தான் கூட்டிட்டுப் போகும். கரடி மேல பிரியம் இருந்தா, தூரத்துல நின்னு பாருங்க."

அவர் வெகுநேரம் பார்த்தார். தொலைநோக்கியைக் கீழே இறக்கியபோது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.