கொழும்பு மெம்பரின் கடைசி வார்த்தை

சுவாமிதாஸின் வாய் மூட மாட்டேனென்றது. செல்லபாய் பழைய முண்டின் கரையை நீளமாகக் கிழித்து, தாடைக்கடியில் கொடுத்து, உச்சந்தலையில் இழுத்து முடிந்தாள். கையை எடுத்தாள். முடிச்சு நின்றது, வாய் நிற்கவில்லை. ஆயுள் முழுக்க அந்த வாயைத் திறந்து 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு பதில் சொன்னதில்லை மனுஷர். செத்த பிறகு என்னமோ சொல்ல வருகிறவர்போலக் கிடக்கிறார்.

"இப்பம் தொறந்து என்ன பிரயோசனம்? அடையுங்க" என்று அவள் பிணத்தோடு சண்டை பிடித்தாள்.

கால்மாட்டில் அழுதுகொண்டிருந்த மகள் விலாசினி நிமிர்ந்தாள். "அம்மா, இப்பமும் அப்பாவ ஏசணுமா?"

"பின்னே எப்பம் ஏச? நாளைக்கா?"

கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் ஒரு கோப்பைக் கஞ்சியும் ஒரு தம்ளர் காப்பியும் ஆறிப்போய் இருந்தன. காப்பியில் ஆடை கட்டியிருந்தது. விலாசினி அவற்றை எடுக்கக் கை நீட்டினாள். "அது அங்ஙன இருக்கட்டு" என்றாள் செல்லபாய்.

பாறசாலைக்குப் பக்கத்துக் கொல்லயில் ஊரில் அந்த வருஷம் இடவப்பாதி மழை நிற்காமல் பெய்தது. முற்றத்துப் பலாமரத்தடியில் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்கிறவர்கள் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே மகன் ராஜதாஸ். மாட்டுத்தொழுவத்தின் இறக்கத்தில் ஐக்கிய கேரளம் வேண்டும் என்கிறவர்கள். அவர்களுக்கு நடுவே நெய்யாற்றங்கரை மருமகன் கனகதாஸ். இரண்டு கூட்டத்திலும் ஆளுக்கொரு கொடி, காகிதத்தில் சுற்றி, நனையாமல் நெஞ்சோடு அணைத்தபடி. பிணத்துக்கு மேலே ஓடு ஒழுகுவதைப் பார்க்க மட்டும் ஒருத்தனுக்கும் நேரமில்லை. செல்லபாய் ஒரு சருவத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அது டிங், டிங் என்று எண்ணத் தொடங்கியது.

இத்தனைக்கும் காரணம் கட்டிலில் கிடப்பவர்தான்.

சுவாமிதாஸ் கருப்பட்டி யாவாரியாக ஆரம்பித்தவர். கொழும்புக்குக் கப்பல் ஏற்றப் போன இடத்தில் சுமைக்காரர்களுக்கும் முதலாளிகளுக்கும் தகராறு. இவர் சுமைக்காரர்களைத் தனியே கூப்பிட்டு 'நீங்க ஜெயிச்சாச்சு' என்றார். முதலாளிகளைத் தனியே கூப்பிட்டு அதையே சொன்னார். இரண்டு பேரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய், விஷயம் தெரிந்து திரும்பி வருவதற்குள் சரக்கு ஏறிக் கப்பல் கிளம்பிவிட்டது. இந்தத் திறமையைக் கேள்விப்பட்டுத் திருவிதாங்கூர் சர்க்கார் அவரைக் கொழும்பில் தன் வியாபாரப் பிரதிநிதியாகக் கோட்டு மாட்டி வைத்தது. சுதந்திரம் வந்து சர்க்கார் மாறியது, கோட்டு மாறவில்லை. அங்கேயே இந்திய ஆபீசில் இன்னும் சில வருஷம். பிரஜாவுரிமைக் காகிதம் கேட்டு வந்த ஒருத்தரையும் அவர் நம்பிக்கையில்லாமல் அனுப்பியதில்லை. காகிதத்தோடு அனுப்பியதும் குறைவுதான்.

ஊருக்குத் திரும்பியதும் சுயேச்சையாகச் சட்டசபைத் தேர்தலுக்கு நின்றார். தமிழ் நோட்டீசைப் படித்த தமிழர்கள் நம்ம ஆளு என்றார்கள். மலையாள நோட்டீசைப் படித்தவர்களும் அதையே சொன்னார்கள். ஜெயித்து மெம்பர் ஆனார். திருவனந்தபுரத்தில் மந்திரிசபை ஆடும்போதெல்லாம் இரு தரப்பும் வீட்டுக்குக் கார் அனுப்பும். தலை எண்ணுகிற நேரத்தில் மெம்பருக்கு வயிற்றுக்கடுப்பு வந்துவிடும்.

போன வருஷம் துப்பாக்கிச்சூடு நடந்த சமயத்தில், போலீசுக்குப் பயந்து ஓடிவந்த தமிழ்ப் பையன்களை இந்த வீட்டு நெல்லறையில் பூட்டி வைத்துவிட்டு, முன்னறையில் இன்ஸ்பெக்டருக்குக் கொழும்புத் தேயிலையின் மணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தவரும் இவர்தான். தேயிலையைக் கொண்டு போனது செல்லபாய். பீங்கான் கோப்பையும் தட்டும் அவள் கையில் தந்தியடித்தன. "குளிராக்கும்" என்றார் சுவாமிதாஸ் இன்ஸ்பெக்டரிடம், ஆவணி மாசத்து வெயிலில்.

மாநில எல்லை பிரிக்கிற கமிஷன் வந்து எல்லாரிடமும் கேட்டுவிட்டு டெல்லிக்குப் போய்விட்டது. பாறசாலை எந்தப் பக்கம் போகும் என்பதுதான் ஊரில் பேச்சு. மெம்பர் எந்தப் பக்கம் என்று இரண்டு கூட்டமும் கழுத்தைப் பிடித்தபோது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாறசாலை சந்தியில் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். இரண்டு கூட்டத்துக்கும் கொடுத்தார். இரண்டு மேடை போட்டார்கள். சனிக்கிழமை விடிகாலையில் செத்துப்போனார்.

"வயித்துக்கடுப்பு பத்தாதுண்ணு ஆக்கும்" என்று செல்லபாய் சருவத்துத் தண்ணீரை ஜன்னல் வழியே கொட்டினாள்.

அடுத்த தலைவலி சபை வழக்கம். மிஷன் துரைமார் காலத்திலிருந்து அந்தச் சபையில், இறந்தவரின் கடைசி வார்த்தையை அடக்க ஆராதனையில் எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும். கடைசியாகக் கூட இருந்தவர்தான் சொல்லியாக வேண்டும். இதற்காகவே சபையில் வயசானவர்கள் வேதத்தில் ஒரு நல்ல வரியைப் பார்த்து வைத்து, தும்மல் வந்தால்கூட அதை ஒருதரம் சொல்லிக்கொள்வார்கள். சுவாமிதாஸோடு கடைசியாக இருந்தது செல்லபாய் மட்டும்.

ராஜதாஸ் உள்ளே வந்து தாயின் காதருகே குனிந்தான். "அம்மா, அப்பா கடைசியா என்ன சொன்னாரு? தமிழ்நாட்டைப் பத்தி ஏதாவது?"

"விடியக்காலம் எவம்லே நாட்டைப் பத்திப் பேசுவான்?"

"சொல்லியிருப்பாரு. நீங்க நல்லா ஓர்த்துப் பாருங்க. எங்க கொடிதான் பெட்டிக்கு மேல. அந்த நெய்யாற்றங்கரைக் கொடி விழுந்துண்ணா நான் தோள் வைக்க மாட்டேன். இப்பமே சொல்லிட்டேன்."

அவன் போனான். கதவு நிழலில் காத்துக்கொண்டிருந்த கனகதாஸ் வந்தான். பள்ளிக்கூட வாத்தியார், துக்கத்திலும் சட்டைப் பையில் பேனா.

"மாமி, அச்சன் அவசானமா எந்தாணு பறஞ்ஞது?"

"ஒண்ணும் பறயல்ல மக்கா."

"மச்சான் கொடி போட்டா நான் விலாசினியக் கூட்டிட்டுப் பெட்டி எடுக்கதுக்கு முன்ன இறங்குவேன். பின்ன இந்த வீட்டுப் படி சவிட்ட மாட்டோம். கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அது எனக்க கொள்கையாக்கும்."

விலாசினி அப்பாவின் கால் பெருவிரல்களைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். நன்றாகக் கட்டியிருந்ததைத்தான். செல்லபாய் அந்த விரல்களையே பார்த்தாள். தமிழென்று சொன்னால் மகள் போவாள். மலையாளமென்று சொன்னால் மகன் போவான். செத்தவருக்கு என்ன, கோட்டு போட்டுக் கிடக்கிறார்.

உபதேசியார் ஈசாக் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். மழையைவிடச் சண்டைக்குப் பயந்த ஆள். "செல்லபாயம்மா, ஒரு வழி உண்டு. வேதத்தில ஒரு வரி சொன்னாருண்ணு வச்சுக்கிடுவோம். யாருக்கும் கொறச்சல் இல்ல."

"எந்த பாஷையில?" ராஜதாசும் கனகதாசும் இரண்டு வாசலிலிருந்தும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

உபதேசியார் குடையை மறுபடி விரித்தார், வீட்டுக்குள்ளேயே.

செல்லபாய் எழுந்து அடுக்களைக்குப் போனாள். அணைந்த அடுப்பின் முன் உட்கார்ந்தாள். காலையில் நடந்ததை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் சபையில் சொல்கிற மாதிரி இல்லை.

விடிகாலையில் அவர் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். வாயுவாக்கும் என்றார். "கஞ்சி குடிக்கியளா, காப்பி போடட்டா?" என்று கேட்டாள்.

"உனக்க சௌகரியம்போல."

"எனக்க சௌகரியம் கெடக்கட்டு. உங்களுக்கு எது வேணும்?"

"ரெண்டுக்கும் அதுக்கதுக்க குணம் உண்டு."

"இது அசெம்பிளி இல்ல, வீடாக்கும். கஞ்சியா? காப்பியா?"

அவர் சிரித்தார். அன்று முதலாளிகளை அனுப்பிவைத்த அதே சிரிப்பு. "ரெண்டும் இருக்கட்டு, பிள்ளே."

அவள் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை. ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிய, கஞ்சி வைத்தாள், காப்பி போட்டாள், பப்படம்கூடச் சுட்டாள். அவர் காதில் விழட்டுமென்று உரக்கவே ஏசிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து பாக்கி வைத்திருந்ததையெல்லாம் ஏசினாள். இரண்டையும் கொண்டு வந்து முக்காலியில் வைத்து, "இன்னா, ரெண்டும் வந்தாச்சு. எதை மொதல்ல குடிக்கணும்ணு கேக்க இனி ஒரு கமிஷன் வைக்கணுமா?" என்றாள். பதில் வரவில்லை. வழக்கமாகவே வராது என்பதால் ஜன்னலைத் திறந்து, துணியை மடித்து, இன்னும் இரண்டு வார்த்தை ஏசின பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

முற்றத்தில் ஓலைப்பந்தலுக்குக் கீழே பெட்டியை வைத்து ஆராதனை தொடங்கியது. பாட்டைத் தமிழில் பாடினார்கள், ஜெபத்தை மலையாளத்தில் செய்தார்கள். அதுவரை வழக்கம்தான். பெட்டியின் இந்தப் பக்கம் ஒரு கொடி காகிதத்திலிருந்து பாதி வெளியே வந்தது. அந்தப் பக்கமும் வந்தது. உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். கண்ணால் கெஞ்சினார்.

"நம்ம சகோதரன் சுவாமிதாஸ் கடைசியாச் சொன்ன வார்த்தைய அவருக்க பாரியாள் இப்பம் சபைக்குச் சொல்லுவாவ."

செல்லபாய் எழுந்தாள். வேத வரி ஒன்று நாக்கு வரைக்கும் வந்தது. மகளைப் பார்த்தாள். அலுத்துப்போயிற்று. அந்த மனுஷரோடு அத்தனை வருஷம் இருந்ததில் சேர்ந்த அலுப்பெல்லாம் ஒன்றாக வந்தது.

"கஞ்சி வேணுமா காப்பி வேணுமாண்ணு கேட்டேன்" என்றாள். "ரெண்டும் இருக்கட்டுண்ணாரு. ரெண்டையும் கொண்டு போனேன். ஒண்ணையும் தொடல்ல. அவ்வளவுதான்."

"ஆமென்" என்றார் உபதேசியார், பழக்கத்தில்.

வெள்ளறடையிலிருந்து வந்திருந்த ஒரு கட்சிக்காரர் முன்னால் வந்தார். "அம்மா, அதுக்கு அர்த்தம் என்னண்ணா, மெம்பரு ரெண்டு பக்கமும்..."

"அர்த்தம் ஒண்ணும் இல்ல. கஞ்சியும் காப்பியுமாக்கும். அந்தா இருக்கு, போய்ப் பாரும்."

ராஜதாசிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலென்று நினைத்தார்கள். கல்லூரிப் படிப்பை விடட்டுமா என்று கேட்டு, 'படிப்பும் நல்லது, விடுகதும் நல்லது' என்ற பதிலோடு திரும்பி வந்தவன் அவன். கனகதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். பெண் கேட்டு வந்து, 'எல்லாருக்கும் சந்தோஷம்தான்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு, அது சம்மதமா மறுப்பா என்று தெரியாமல் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தவன் அவன். இரண்டு பேரும் பெட்டிக்கு மேலாக ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கனகதாசின் தோள் குலுங்கியது. ராஜதாஸ் வாயைக் கையால் பொத்தினான். அந்தக் கைக்குப் பின்னால் சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியதென்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

"போதும்" என்றாள் செல்லபாய். "கொடியளக் கொண்டு போய்த் தொழுத்தில வையுங்க. எலே, பெட்டிய எடுங்க. மழ கூடுது."

இரண்டு கூட்டமும் முணுமுணுத்தது. சில பேர் படாரென்று குடையை விரித்துக்கொண்டு சந்திப் பக்கம் போனார்கள். ராஜதாஸ் தன் கூட்டத்தாரைப் பார்க்காமல் கொடியை ஒருவன் கையில் கொடுத்தான். கனகதாஸ் எப்போது கொடுத்தான் என்று அவள் பார்க்கவில்லை. பார்த்தபோது அவன் கை காலியாக இருந்தது.

தலைமாட்டில் இந்தப் பக்கம் ராஜதாசும் அந்தப் பக்கம் கனகதாசும் தோள் கொடுத்தார்கள். செல்லபாய் மகளோடு வாசல் படிப்புரை வரைக்கும் வந்து நின்றாள். கல்லறைக்கு வயல்வரப்பு வழியாகத்தான் போக வேண்டும். ராஜதாஸ் தகப்பனைப்போலக் குட்டை. கனகதாஸ் நல்ல உயரம். வரப்பில் இறங்கியதும் பெட்டி மகன் பக்கமாகச் சரிந்தது.

"சரியுது, சரியுது" என்று விலாசினி அவள் கையைப் பிடித்தாள்.

கனகதாஸ் நின்றான். முழங்காலை மடக்கினான். மடக்கினபடியே, சேற்றில் வாத்து நடக்கிற மாதிரி, அடுத்த அடி வைத்தான். பெட்டி மட்டமாயிற்று. கமுகந்தோப்பு வந்து மறைக்கிற வரைக்கும் அவன் நிமிரவில்லை.