பொடிசுக்கு ராக் பிடிக்கும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. எங்கள் குடியிருப்பின் லிஃப்டைச் சரிசெய்ய வந்த மெக்கானிக்கிடமிருந்து சுட்டது. வேலை முடிந்ததும் கை கழுவ என் வீட்டுக்கு வந்தார். அவர் போன் மேசைமேல் கிடந்தது. அதன் முகப்புப் படத்தில் ஒரு பெண் குழந்தை, மூன்று வயது இருக்கலாம், ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் மட்டும் நிமிர்த்திக் கொம்பு மாதிரி காட்டிக்கொண்டிருந்தது. ராக் கச்சேரிகளில் கூட்டம் கையைத் தூக்கிக் காட்டுமே, அந்தக் கொம்பு.

"பரவாயில்லையே, பொண்ணு இப்பவே ராக் ரசிகையா?" என்றேன். எனக்கும் விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா.

அவர் சிரிக்கவில்லை. துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது பாட்டுக்காகப் பண்ணதில்ல சார். படத்தை மாத்தணும்னு பாக்கறேன், கை வரல," என்றார்.

அவர் எனக்குக் கொடுத்தது இவ்வளவுதான். மீதியை நானே கட்டினேன். ஒரு மனுஷன் கூனிக்குறுகிச் சொன்ன வார்த்தையை வைத்துக்கொண்டு கதை பண்ணுவது எனக்கே கேவலமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பண்ணுகிறேன்.

2

தொடக்கங்கள் சில:

அன்று மாலை மழை வரும்போல

(மழையைத் திருப்பி அனுப்பியாயிற்று. கதை எழுதத் தெரியாதபோதெல்லாம் எனக்கு மழை வந்துவிடுகிறது.)

அவள் கருவில் இருக்கும்போதே கிதாரின் ஓசையை

(இது வேறு மாதிரி கதை. இதில் வரும் குழந்தை பிற்காலத்தில் மேடையேறிக் கைதட்டல் வாங்கியே தீரும்.)

எல்லா லிஃப்டுகளிலும் ஒரே பாட்டுத்தான் ஒலிக்கிறது.

இதை வைத்துக்கொள்வோம். எல்லா லிஃப்டுகளிலும் ஒரே பாட்டுத்தான் ஒலிக்கிறது. யாரையும் தொந்தரவு செய்யாத, ஆரம்பமும் முடிவும் இல்லாத, சர்க்கரைப் பாகு மாதிரியான ஒரு பாட்டு. மெக்கானிக் நாள் முழுக்க அந்தப் பாகில் ஊறிக்கொண்டிருந்தார். கதவைச் சரிபார்க்கும்போதும் அது, கம்பிவடத்துக்கு மசகு போடும்போதும் அது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காதைக் கழுவிக்கொள்வதுபோல, அவர் பிறப்பதற்கும் முன்னால் பதிவான பழைய ராக் இசைத்தட்டு ஒன்றை எடுத்து ஓடவிடுவார். டிரம்ஸ் அதிரும், கிதார் அலறும், பாடுபவன் தொண்டை கிழியக் கத்துவான். அப்போதுதான் அவருக்கு மூச்சு வரும். மாமனார் வீட்டில் அவருக்கு 'இரைச்சல் மாப்பிள்ளை' என்று பெயர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மகள் பிறந்தால் என்ன ஆசை வரும்? உலகம் அவள் காதில் பாகை ஊற்றுவதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்கிற ஆசை. அதில் தப்பில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். என் மகனுக்குப் புத்தகம் வாங்கித் தரும்போது நானும் இதே கணக்கில்தான் இருந்தேன்.*

* மகனைப் பற்றி வேண்டாம். அவன் படிப்பதில்லை.

3

குழந்தை குட்டியாக இருந்ததால் 'பொடிசு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிடக் கூப்பிட அதுவே பெயராகிவிட்டது. கைக்குழந்தையாக இருக்கும்போதே அவளை மார்பில் சாய்த்துக்கொண்டு, ஒலியைக் குறைத்து வைத்து, தட்டு ஓடவிடுவார். பொடிசின் அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. நாளெல்லாம் நின்ற காலோடு வருவாள்.

"புள்ளை தூங்கணுமா, கச்சேரிக்குப் போகணுமா?" என்று கேட்பாள்.

"தூங்கறா பாரு. தாளம் புடிச்சிருக்கு."

"பால் குடிச்சா தூங்கத்தான் செய்வா."

ஒரு நாள், பொடிசு உட்காரப் பழகியிருந்த சமயம், பாட்டில் டிரம்ஸ் திடீரென்று இடியாக இறங்கியது. பொடிசுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணை விரித்து அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு ஒரே குஷி. வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அதைப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். அவள் விரல்களை அவரே மடக்கி, அவரே நிமிர்த்தி, முதல் கொம்பைச் செய்துகொடுத்தார். தலையை எப்படி ஆட்டுவது என்று ஆடியும் காட்டினார்.

(இந்த இடத்தில் நீங்களும் சிரித்திருப்பீர்கள். எழுதும்போது நானும் சிரித்தேன். அவள் முதலில் பயந்தாள் என்பதை அவரும் கவனிக்கவில்லை, நாமும் கவனிக்கவில்லை. திரும்பப் போய்ப் பாருங்கள், 'தூக்கிவாரிப்போட்டது' என்று நானே எழுதியிருக்கிறேன்.)

அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் பொடிசுக்கு வேலை வந்துவிடும். "பொடிசு, கொம்பு காட்டு" என்பார். கொம்பு எழும், தலை ஆடும். வந்தவர்கள் கைதட்டுவார்கள். அவளுக்கு ஒரு பிஸ்கட் கிடைக்கும். "என் பொண்ணு, ரத்தத்துலயே இருக்கு," என்று அவர் சொல்லுவார். மைத்துனன் அதைப் படம் எடுத்து அனுப்ப, அது அவர் போனின் முகப்பில் ஏறியது. வேலையிடத்தில் யாருக்காவது காட்டாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

4

அவர் வீட்டில் கத்திய ஒரு மாலையைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். முதலில் அவருக்கு ஒரு கெட்ட நாளைத் தயார்செய்து கொடுத்தேன். மேலதிகாரி எல்லார் முன்னாலும் திட்டினார், பஸ் கிடைக்கவில்லை, தலைவலி. பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அது எனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. அவர்மேல் உங்களுக்குக் கோபம் வந்துவிடக் கூடாதே என்று பயந்தேன். சாதாரண நாள்தான். பஸ் நேரத்துக்கு வந்தது.

வீட்டுக்குள் வந்தார். பொடிசின் அம்மா பின்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஹாலில் பொடிசு தன் பொம்மைக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். களிமண் உருண்டைகளைப் பரிமாற அவளுக்குப் பெரிய வட்டத் தட்டு ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. கறுப்பாக, பளபளப்பாக, கைக்கெட்டும் உயரத்தில் ஒன்று இருந்தது. ஒரு ஸ்பூனை எடுத்து, களிமண்ணை அந்த இசைத்தட்டின் மேல் நன்றாக அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருந்த தட்டு.

லிஃப்ட் குழியில் பல மாடிகளுக்குக் கீழே நிற்கும் ஆளுக்குக் கேட்க வேண்டுமென்று பழகிய குரல் ஒன்று அவரிடம் உண்டு. வீட்டில் அதுவரை அதை எடுத்ததில்லை.

"யாரைக் கேட்டு எடுத்தே இதை?"

பொடிசு அழவில்லை. எழுந்து பின்னாலேயே நகர்ந்து, முதுகு குளிர்சாதனப் பெட்டியில் முட்டியதும் நின்றாள். அவர் முகத்தையே பார்த்தாள். கீழுதடு நடுங்கியது. பிறகு வலது கை மெல்ல மேலே வந்தது. ஆள்காட்டி விரல் நிமிர்ந்தது, சுண்டு விரல் நிமிர்ந்தது. மோதிர விரல் மட்டும் மடங்க மாட்டேன் என்று எழும்பி எழும்பி நின்றது. இடது கையால், களிமண் ஒட்டிய கையால், அந்த விரலைப் பிடித்து அமுக்கிக்கொண்டாள். தலையை ஆட்ட ஆரம்பித்தாள்.

வீட்டில் பாட்டு எதுவும் ஓடவில்லை.

5

கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். மேலே உள்ள பத்தியில் அந்த மோதிர விரலும் இடது கையும் எப்படி வந்தன என்று சொல்ல வேண்டும். மெக்கானிக் அப்படி எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது. தோன்றியதும் நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தேன். சந்தோஷம். ஒரு குழந்தை நடுங்கிக்கொண்டு நிற்கிறது, 'பிரமாதம், வந்துவிட்டது' என்று நான் கையைத் தேய்த்துக்கொள்கிறேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, நல்லா வருதா?" என்று கேட்டாள். "ரொம்ப நல்லா வருது," என்றேன். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்துகொண்டே இருந்திருக்கும்.

இனி அவரிடம் போவோம்.

அவர் தட்டைப் பார்க்கவில்லை. குழந்தையை வாரித் தூக்கினார். "வேணாம்டா, வேணாம், கையை எறக்கு, அப்பா சும்மா கத்திட்டேன்," என்று என்னென்னவோ சொன்னார். அவளோ அவர் தோளில் இருந்துகொண்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நிறுத்தலாம் என்று அவர் முகம் சொல்லவில்லை போலிருக்கிறது. அம்மா வந்து வாங்கிக்கொண்ட பிறகுதான் நின்றது.

குழந்தை உள்ளே பொம்மையோடு செட்டிலான பிறகு கணவனும் மனைவியும் சமையலறையில் நின்றார்கள். அவர் தட்டைக் குழாயடியில் காட்டிக் களிமண்ணை வழித்துக்கொண்டிருந்தார். அது இனி ஓடாது என்று அவருக்குத் தெரியும். கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

"அவளுக்குப் பாட்டு புடிக்கும்னு நெனச்சேன்," என்றார்.

"அவ எங்க பாட்டைக் கேட்டா? உங்க மூஞ்சியைத்தானே பாத்துட்டிருந்தா."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் துணியை மடித்தாள்.

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்படிச் சொல்றது? அந்த நேரத்துலதான் நீங்க சிரிச்ச முகமா இருப்பீங்க." ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "எனக்கும்தான் அந்தச் சத்தம் ஆகாது. தலை வலிக்கும். கல்யாணமான புதுசுல நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

அவருக்கு நின்ற இடத்திலேயே உடம்பு கூசியது. அந்த வீட்டில் தான் கத்தியது இன்று ஒரு நாள்தான் என்று நினைத்திருந்தார். கத்தாமலேயே இவ்வளவு காலம் எல்லாரையும் ஆட்டிவைத்திருக்கிறார் என்பது இப்போதுதான் உறைத்தது. வெட்கம் என்றால் இதுதான் வெட்கம். குழாயை மூடக்கூட அவருக்குத் தோன்றவில்லை, அவள்தான் மூடினாள்.

6

முடிவுகள் சில:

அ) அவர் எல்லாத் தட்டுகளையும் பழைய சாமான்காரனிடம் போட்டுவிடுகிறார். (பொடிசு அதையும் தன் தப்பு என்றுதான் நினைப்பாள். வேண்டாம்.)

ஆ) வருஷங்கள் கழித்து, ஒரு பெரிய மேடையில், கையில் கிதாரோடு

(இதை எழுதத் தொடங்கியதற்கே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.)

இ) என் நண்பர், பதிப்பகத்தில் பிழை பார்ப்பவர், படித்துவிட்டுச் சொன்னது: "கடைசியில அந்தக் கொம்பை இன்னொரு தடவை கொண்டு வாய்யா. படிக்கறவன் அழுதுடுவான்." அவர் சொன்னது சரி. அழுதுவிடுவீர்கள். அதனால்தான் செய்யப்போவதில்லை. மெக்கானிக் பிஸ்கட் கொடுத்து அவளை ஆட்டுவித்தார், நான் உங்கள் கண்ணீருக்காக ஆட்டுவித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

7

லீவு நாள். காலை. அவர் ஹாலில் தரையில் உட்கார்ந்திருக்கிறார், எதிரே பொடிசு. ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்திருக்கிறாள், காலை ஆட்டிக்கொண்டு பால் குடிக்கிறாள். நேற்று நடந்தது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. அவருக்கு இருக்கிறது.

முதலில் போனில் ஒரு வாத்துப் பாட்டைப் போடுகிறார். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வீட்டில் ஓயாமல் ஓடும் பாட்டு அது. இவர் வீட்டில் தடை செய்யப்பட்டிருந்தது. பிறகு தன் தட்டுகளில் ஒன்றை, ஒலியைக் குறைத்து, கொஞ்ச நேரம் ஓடவிடுகிறார். பிறகு இரண்டையும் நிறுத்துகிறார்.

"பொடிசு, உனக்கு எது புடிச்சிருக்கு?"

அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறாள். நெற்றி, கண், வாய் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கிறாள்.

"எது சொல்லணும்ப்பா?"

போனைத் தள்ளி வைக்கிறார். "எது வேணா சொல்லலாம்டா. உனக்கு எது புடிக்குமோ அது. ரெண்டும் வேணாம்னும் சொல்லலாம்."

அவள் இன்னும் முகத்தைத்தான் பார்க்கிறாள். அவர் சிரித்துப் பார்க்கிறார், தப்பு, சிரிப்பில் ஏதோ ஒரு பதில் இருக்கிறது. முகத்தை எதுவும் காட்டாமல் வைத்துக்கொள்கிறார், அதைக் கண்டதும் அவள் உதடு இறுகுகிறது. இந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குப் புரியவில்லை. கடைசியில் அப்படியே தரையில் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார்.

"இப்போ சொல்லு. அப்பா பாக்கல."

பின்னால் சத்தமில்லை. ஓடிப்போகவில்லை, அங்கேதான் இருக்கிறாள்.

அவள் என்ன சொல்கிறாள் என்று எழுதிவிட எனக்கு ஒரு நிமிஷம் போதும். 'உன் பாட்டு வேணாம்ப்பா' என்று சொல்லவைத்தால் நீங்கள் நிம்மதியடைவீர்கள். 'உன் பாட்டுதான்' என்று சொல்லவைத்தால் அவர் அழுதுவிடுவார், எனக்கும் கதை நன்றாக முடிந்த திருப்தி. எதைச் சொன்னாலும் அது யாரோ ஒருவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்கும். அவர் திரும்பிக்கொண்டார். நான் இன்னும் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும்தான்.

நான் அவர் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். நீங்களும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள். அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.