இலக்கத் தகடு வராத ஜீப்

கண்டி மகியாவையில் தனபாலன் என்னும் பெயர் சொன்னால் தெரியாதவர்களுங்கூட, ஹோர்ன் அடிக்காத சாரதி என்றால் அவர் வீட்டைக் கைகாட்டிவிடுவார்கள். இருபத்தாறு ஆண்டுகளாக வண்டி ஓட்டியவர். ஏறுமுன் வண்டியை ஒருமுறை சுற்றிவருவார். செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வெறுங்காலால்தான் மிதிப்பார். சோதனைச் சாவடி தென்பட்டால் இருநூறு கெஜத் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் வளையத்தின் மேற்புறத்தில் வைத்துக்கொள்வார். முகத்தில் ஓர் அளவான சிரிப்பும் இருக்கும். அதிகம் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காமல் விட்டாலும் சந்தேகம் என்பது அவருடைய அனுபவம்.

அவ்வளவு பக்குவமும் 1990ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் பயன்படவில்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்திற் குடும்பத்தோடு வவுனியாவுக்கு ஓடி, மூன்று ஆண்டுகள் அங்கிருந்தபோது எடுத்த அடையாள அட்டை அவருடையது. யுத்தம் மறுபடி மூண்ட அந்த வருடத்தில், வடக்கத்தி ஆள் என்று சந்தேகிக்க வவுனியா என்னும் ஒரு சொல்லே போதுமானதாயிற்று. தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறியோடு திரும்பியவரை வழிச் சாவடியில் இராணுவத்தினர் இறக்கி, இரண்டு நாட்கள் தரையில் இருத்தி வைத்து, மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள்.

"இனி அந்த லொறியில ஏறுனீங்கன்னா நா எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் மனைவி யசோதா.

"ஒங்கம்மா வீடு அடுத்த வீடுதானே" என்றார் தனபாலன். அவள் சிரிக்கவில்லை. அவருக்கும் அதன்பின் லொறியில் ஏறக் கால் வரவில்லை.

அந்த வேளையில்தான் நகரத்தில் வாகனம் இறக்குமதி செய்து விற்கும் ஹபீல் முதலாளி ஆளனுப்பினார். கடை முற்றத்தில் கறுப்பு நிற ஜப்பான் ஜீப் ஒன்று நின்றது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. உள்ளே குளிரூட்டி, தோல் இருக்கை, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாத கண்ணாடி. இலக்கத் தகடு இன்னும் வரவில்லை.

"இதப்போல இன்னம் ஆறு கொண்டுவர நினைச்சிருக்கன், தனபாலன். வாங்குறது தொரைமார்தான். ஆனா எத வாங்குறதுன்னு தொரைமார்ட காதுல ஓதுறது ட்ரைவர்மார். அவங்கட மனசுல என்னா ஈக்குதுன்னு எனக்குத் தெரியணும்" என்று சொல்லி, முப்பது அச்சுத்தாள்களை நீட்டினார் முதலாளி. 'இவ்வாகனம் பற்றித் தங்கள் கருத்து' என்று தமிழிலும் சிங்களத்திலும் தலைப்பு. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. "முப்பதையும் நிரப்பிட்டு வாங்க. பொறகு இந்த ஜீப்புக்கு நீங்கதான் நிரந்தர ட்ரைவர்."

முதல் நாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் சாவடி தென்பட்டது. தனபாலன் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தார். கண்ணாடியை இறக்கும் பொத்தான் எதுவென்று அவர் தேடுவதற்குள், தடுப்பு மரம் தானாகவே மேலே போயிற்று. காவலில் நின்ற இளைஞன் நிமிர்ந்து, குதிகால்களைச் சேர்த்து, ஒரு சலாம் வைத்தான்.

பாலத்தைத் தாண்டிய பின்னரும் அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்டது. முதலில் அச்சத்தால், பிறகு, சொல்வதற்கு வெட்கமான ஒரு மகிழ்ச்சியால். காரியம் ஒன்றுமில்லாமலே வண்டியைத் திருப்பி, அதே பாலத்தை இன்னுமொரு தடவை கடந்தார். மறுபடியும் சலாம். அன்று மாலை வீட்டில், "இனிப் பயமில்ல, யசோதா" என்றார். அவள் சாமிப்படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கருத்துச் சேகரிப்புத்தான் விசித்திரமாக இருந்தது. பிலிமத்தலாவையில் லொறிக்காரர்கள் கூடும் தேநீர்க்கடையொன்று உண்டு. அங்கே எந்த வண்டி வந்து நின்றாலும் நாலு பேர் எழுந்து வந்து டயரை உதைத்துப் பார்த்து, பெற்றோல் குடிக்கும் கணக்கையும் வண்டிக்காரனின் பூர்விகத்தையும் சேர்த்தே அலசுவார்கள். தனபாலன் ஜீப்பை நிறுத்தியபோது உள்ளேயிருந்து பெருஞ்சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து காலை வைத்ததும் அது அறுந்துபோயிற்று. ஒருவன் பாதித் தேநீரை வைத்துவிட்டுப் பின்வாசலால் நடந்தான். மற்றவர்கள் எழுந்து நின்றார்கள்.

"நல்ல வண்டி, சேர்" என்றான் ஒருவன்.

"ஓட்டிப் பாக்காம எப்படிச் சொல்றீங்க? குறை இருந்தாலும் சொல்லலாம்."

"குறை ஒண்ணுமே இல்ல, சேர். ரொம்ப நல்ல வண்டி."

எல்லாத் தாள்களிலும் அதே சொற்கள் ஏறின. சிலர் எழுதிய பெயர் அவர்களுடையதுதானா என்று தனபாலனுக்கே ஐயமாயிருந்தது. பத்து நாட்களில் இருபத்தாறு தாள்கள் நிரம்பின. இருபத்தாறிலும் 'நல்ல வண்டி.'

உண்மையைச் சொன்னவன் ஒருவன்தான். தெல்தோட்டையில் வான் ஓட்டும் திருச்செல்வம், தனபாலனோடு ஒன்றாக ஓட்டப்பழகிய நண்பன். பேராதனைச் சந்தியில் ஜீப்பைக் கண்டவன் முதலில் முகத்தைத் திருப்பினான். இறங்கியவர் யாரென்று தெரிந்தபின் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தான்.

"அட பாவி, நீயா? எனக்கு மூத்திரமே வந்துருச்சுடா! நம்பர் இல்ல, கண்ணாடி கறுப்பு. நீ செத்தா இதுலயே ஊர்வலம் வைக்கலாம், ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான்."

"கருத்துச் சொல்லு மச்சான். எஞ்சின் சத்தமே கேக்காது, தெரியுமா?"

"அதுதான்டா கருத்து!" திருச்செல்வம் குரலைத் தாழ்த்தினான். "லொறி வந்தா சத்தம் கேக்கும், ஓடி ஒளியலாம். இது வாசல்ல வந்து நின்ன பொறகுதான் தெரியும். போன வருசம் இந்த மாதிரி வண்டிகளப் பத்திக் கருத்துச் சொன்னவங்கள நீ இப்பப் போய்த் தேடிப் பாரு. தாள நீட்டுறானாம் தாள."

தனபாலனுக்குத் தெரியாத செய்தியன்று அது. முந்திய ஆண்டில் ஆற்றிலும் தெருவோரத்திலும் கிடந்த பிணங்களைக் கண்டியில் எவரும் மறந்துவிடவில்லை. தகடில்லாத ஜீப்புகள் கிளர்ச்சிக்காரர்கள் என்று இளைஞர்களை ஏற்றிச் சென்றன என்பதையும், அவை வெறுமையாகவே திரும்பின என்பதையும் அவரும் அறிவார். ஆயினும் இந்த வண்டி நேற்றுக் கப்பலில் வந்தது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தம்மைத் தாமே சமாதானப்படுத்திக்கொண்டார். பாலத்தடியில் மரம் உயர்ந்தது. சலாம் கிடைத்தது. அந்தச் சலாமுக்காக எதையும் சமாதானப்படுத்திக்கொள்ளலாம்போல் அவருக்கு இருந்தது.

எஞ்சிய நான்கு தாள்களோடு வத்தேகமத்துக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் திரும்பிய வேளை. சந்தைக்கு அருகில் நிறுத்தியதும் வெற்றிலைக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டாள். எதிர்க்கடையின் பலகைக் கதவு பாதி மூடியது. ஒருத்தி மட்டும் விலகாமல் நேராக வந்தாள். நாற்பது வயதிருக்கும். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். கக்கத்தில் துணியில் முடிந்த ஒரு பொதி.

"ஐயா, நா சீதா. தோட்டத்துல மேல்கணக்கு லயத்து வீட்டுல இருக்குறேன். எங்க வீட்டுக்காரரு கறுப்பையா. தோட்டத்து லொறி டிரைவரு" என்றாள். சற்று நின்று, "புருசன் பேர வாயால சொல்லாதவ நான். அவரக் கொண்டுபோன நாள்லருந்து பத்து மாசமா ஆபீசு ஆபீசாச் சொல்லிச் சொல்லி அந்தக் கூச்சமும் போயிருச்சு" என்றாள்.

தனபாலன் தாள்களைத் தூக்கிக் காட்டினார். "அம்மா, இது புது வண்டி. கம்பெனி வண்டி. நா வண்டி பத்தி டிரைவர்மார்கிட்டக் கருத்துக் கேக்க வந்தவன்."

"அவரும் டிரைவருதான், ஐயா. அவர்கிட்டயும் கேட்டீங்களா?"

கேட்டுக்கொண்டே அவள் பின்கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே ஏறி, இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தோலைக் கையால் மெல்லத் தடவினாள். இருக்கைக்கும் முதுகுச் சாய்வுக்கும் இடையிலிருந்த இடுக்கில் விரலை விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எதையோ தேடினாள். கறுப்புக் கண்ணாடிக்கு இப்புறம் நின்ற தனபாலனுக்கு அவள் முகம் தெரியவில்லை. அவருடைய முகமே அதில் தெரிந்தது.

"நடுவுலதானே ஒக்கார வச்சிருப்பீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெளிய பாக்க முடிஞ்சிருக்குமா அவருக்கு? லயத்த ஒருக்காத் திரும்பிப் பாத்திருப்பாரா?"

சந்தியில் நின்ற இரண்டு பொலிஸ்காரர் இந்தப் பக்கம் திரும்பினார்கள். தனபாலன் கதவைத் திறந்து பிடித்தார். "இறங்குங்கம்மா. இறங்குங்க" என்றார்.

அவள் இறங்கினாள், பொதியை மட்டும் நீட்டினாள். "திட்ட வரல்ல, ஐயா. சாரமும் சட்டையும் இருக்குது. போட்டிருந்த ஒரே சட்டையோட போனவரு. மூச்சிழுப்பு வந்தா குடிக்கிற குளிசையும் வச்சிருக்கேன். குடுத்துருங்க. கும்புட்டுக் கேக்குறேன்."

பொலிஸ்காரரில் ஒருவர் இரண்டடி முன்னே வந்தார். அடையாள அட்டையும் வவுனியாவும் தம்புள்ளை வழியில் இரண்டு நாள் இருத்திவைத்த தரையும் தனபாலனின் கண்முன்னே ஒன்றாய் வந்து நின்றன.

"சரி, குடுங்க. குடுத்துர்றேன்" என்று கைநீட்டி வாங்கிவிட்டார்.

அவளுடைய முகம் அப்போது மலர்ந்ததை அவர் பார்த்தார். பத்து மாதத்தில் அவளுக்கு அப்படிச் சொன்ன முதல் மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும். அவள் குனிந்து அவர் வெறுங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திரும்பும் வழியெல்லாம் பொதி பின்னிருக்கையின் நடுவில் இருந்தது. எஞ்சின் சத்தமே இல்லாமையால் உள்ளே மூச்சுக் கேட்பதுபோலிருந்தது, இழுப்புக்காரனுடைய மூச்சு. தம்முடையதுதான் என்று அறிந்துகொள்ள அவர் மூச்சை அடக்கிப் பார்த்தார். குளிரூட்டியை அணைத்தார். பின்னிருக்கையைக் காட்டும் கண்ணாடியில் நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமல், வளைவுகள் நிறைந்த அந்தப் பாதையைப் பார்வை பிசகாமல் ஓட்டினார். பாலத்தடியில் மரம் உயர்ந்தது. இளைஞன் சலாம் வைத்தான். அந்தச் சலாம் தமக்கல்ல என்பது தனபாலனுக்கு அப்போதுதான் விளங்கிற்று. இந்த வண்டியில் முன்னர் எவன் அமர்ந்திருந்ததாக அந்தப் பையன் நினைத்துக்கொண்டானோ அவனுக்கு வைத்த சலாம் அது. ஆட்களை ஏற்றிச் சென்ற அவனுடைய இடத்திலிருந்துதான் தாமும் ஒருத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்.

முற்றத்தில் ஜீப்பை நிறுத்திச் சாவியையும் தாள்களையும் மேசைமேல் வைத்தார். ஹபீல் முதலாளி புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் நல்ல வண்டின்னு ஈக்கிது! மிச்சம் நாலுதானே. நாளைக்கு முடிச்சிடுங்க."

"அவங்க சொன்னது கருத்தில்ல, முதலாளி. பயம். என்னைப் பாத்த பயம்."

"ஒங்களப் பாத்தா? ஒங்களப் பாத்துக் கோழியும் பயப்படாதே!"

"வண்டிக்குள்ள இருக்குற என்னை அவங்களுக்குத் தெரியாதே. வேற ஆளப் பாத்துக்கங்க. நா லொறிக்கே போறேன்."

முதலாளி கதிரையிலிருந்து எழுந்தார். "பைத்தியமா, மனிசன்? லொறில போனா திரும்பவும் எறக்குவாங்க. பொஞ்சாதிய நினைச்சுப் பாருங்க."

"எறக்குவாங்கதான்" என்றார் தனபாலன்.

பின்கதவைத் திறந்து பொதியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். யசோதாவிடம் எப்படிச் சொல்வது என்பது அவருக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வத்தேகமத்துக்குப் போய், அந்தப் பொதியைச் சீதாவின் கையில் திருப்பிக் கொடுத்து, கறுப்பையாவைத் தாம் கண்டதேயில்லை என்று சொல்லிவிடுவதெனத் தீர்மானித்துக்கொண்டார்.