வாய் திறக்காத நூலகம்

எங்கள் ஊர் நூலகம் முன்பு தீயணைப்பு வண்டி நின்ற கொட்டகை. வண்டி பெரிய ஊருக்குப் போனதும், இடத்தை யாராவது வளைத்துப் போடுமுன் ஊரார் முந்திக்கொண்டார்கள். முதலில் பெயர்ப்பலகை வந்தது, அப்புறம் நாற்காலி, புத்தகம் கடைசியில்தான். வண்டியின் ஓட்டுநரே முதல் நூலகர். தங்கமான மனுஷன், ஆனால் ஓட்டை வாய். ஊர் டாக்டரே பாட்டி வைத்தியப் புத்தகம் எடுத்துப்போனதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பாவம், டாக்டர் ரொம்ப நாள் ஈ ஓட்டினார். அப்போது போட்ட சட்டம்தான்: யார் என்ன படிக்கிறார் என்பது இந்தக் கதவைத் தாண்டக் கூடாது.

இப்போது நூலகர் நான். கல்யாணத்துக்குப் பெண், பிள்ளை பற்றி விசாரிக்க எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள், வெறுங்கையோடு திரும்புவார்கள்.

போன வாரம் வெல்டிங் பட்டறைத் தம்பி வந்து நின்றான். மருந்துக்கடை அம்மாவின் மகளும் அவனும் எங்கள் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தே மனசைப் பறிகொடுத்தவர்கள். அம்மாதான் பிடி கொடுக்கவில்லை.

"அக்கா, அந்தம்மா இப்ப என்னைப் பத்தி விசாரிக்க வர்றாங்க. பெரிய பெரிய புத்தகமா படிக்கிறான்னு சொல்லிடுங்க. என் வாழ்க்கையே உங்க கையிலதான் இருக்கு."

"சட்டம் தெரியும்ல? பேசாம உட்காரு."

அந்த அம்மா வந்ததும் நேராக விஷயத்துக்குப் போனார். "இந்தப் பையன் என்ன படிக்கிறான்?"

"அதை யார்கிட்டயும் சொல்றதில்லைங்க."

"இதென்ன திருட்டுச் சாமானா, மூடி மறைக்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பொய் சொன்னால் கல்யாணம் நடந்துவிடும். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா அவன் பக்கம் திரும்பினார். "சரி, நீ சொல்லு. எதிர்லதானே உட்கார்ற? என் பொண்ணு இங்க என்ன படிக்கிறா? நான் கேட்டா மழுப்புறா."

பையனுக்கு வியர்த்துவிட்டது. சொன்னால் அந்த அம்மா குளிர்ந்துபோவார். என்னைப் பார்த்தான்.

"அது... சொல்லக் கூடாதுங்க, அத்தை."

அதற்குள் அத்தையாம். காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரர்கிட்ட காலையில ஒரு விஷயம் சொன்னா, சாயங்காலம் கடைத்தெருவே சிரிக்கும். இவன்கிட்ட சொன்னா வீட்டு விஷயம் வீட்டோட இருக்கும் போல." பிறகு என் பக்கம் குனிந்தார். "அப்போ நான் என்ன எடுத்தாலும் வெளிய தெரியாதில்ல?"

"தெரியாதுங்க."

எந்த அலமாரிக்குப் போனார் என்பதை நான் சொல்லமாட்டேன். கைகொள்ளாமல் அள்ளி வந்ததை அப்படியே பையனிடம் நீட்டினார்.

"அட்டை வெளிய தெரியாம தூக்கிட்டு வாங்க, மாப்பிள்ளை."