இருநூற்றுப் பதினான்கிலிருந்து ஒன்று வரை

அந்த மோட்டார் சைக்கிளை விலைக்குக் கேட்டு வருகிறவரை இல்லை என்று சொல்லி அனுப்பும்போதெல்லாம், அதன் கழுத்தில் வெட்டியிருந்த எண்ணில் ஒன்று குறைந்தது. இருநூற்றுப் பதினான்கில் ஆரம்பித்து ஒன்றில் வந்து நிற்க மூன்று வருடமும் இரண்டு மாதமும் பிடித்தன. அதே காலத்தில் வெங்காயம் இரண்டு முறை விலை ஏறி இறங்கியது, தெருக்கோடி மருந்துக் கடை கைமாறியது, வண்டிக்காரரின் மனைவிக்குப் பார்வை போனது. எல்லாம் தெருவுக்கே தெரிந்த சங்கதிதான். ஒளிக்க எதுவும் இல்லை.

வண்டிக்காரரின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பென்சில்காரர் என்றால் போதும். வாகனப் பதிவு அலுவலகத்தின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வண்டியைப் பேர் மாற்ற வருகிறவர்கள் அவரிடம்தான் முதலில் வர வேண்டும். வண்டியின் கழுத்து இரும்பில் வெட்டியிருக்கும் எண்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேய்த்து, எண்ணை அப்படியே அச்சாக எடுத்துத் தருவார். அதைப் பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துச் சரிபார்ப்பார். ஒன்றே ஒன்று மாறியிருந்தாலும் தீர்ந்தது. “இது உங்க வண்டி இல்லீங்க” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆள் சண்டைக்கு வந்தாலும் சரி, அழுதாலும் சரி, அசைய மாட்டார். சும்மா சொல்லக் கூடாது, இருபத்திரண்டு வருடத்தில் அவர் எடுத்த அச்சில் ஒரு பிசகு கிடையாது.

மோட்டார் சைக்கிள் அவருடையது என்று சொல்வதுகூட முழுசாகச் சரியில்லை. அது மாமனார் வாங்கியது. அந்தக் கம்பெனி வண்டி செய்ய ஆரம்பித்த முதல் வருடத்திலேயே வரிசையில் நின்று வாங்கி, சாகும்போது மகளுக்கென்று விட்டுப்போனது. மாடிப்படிக்குக் கீழே, ஓடாமல், தூசு படாமல் நின்றது. மகள், அதாவது பென்சில்காரரின் மனைவி, தையல் கடைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பவள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு நாளைக்கு எண்பது சட்டைக்குப் பொத்தான் துளை தைப்பாள். ஒரு நாள் பக்கத்தில் இருந்த கத்தரிக்கோலைக் காணோம் என்று வீடெல்லாம் தேடினாள். அது அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

கண் டாக்டர் நிதானமான மனிதர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, பார்வை ஓரத்திலிருந்து அழிந்துகொண்டு வருகிறது, போனது திரும்பாது, ஆனால் ஆபரேஷன் செய்தால் இருப்பதைக் காப்பாற்றலாம், ஒரு வருடத்துக்குமேல் தள்ள வேண்டாம் என்றார். அந்தச் செலவுக்கு அவர்களிடம் இருந்த ஒரே வழி மாடிப்படிக்குக் கீழே நின்றது. இதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

பழைய வண்டி சேகரிக்கிற ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். வெள்ளைச் செருப்பு போட்டிருந்ததால் தெருவில் அவருக்கு வெள்ளைச்செருப்பு என்றே பேர். குனிந்து எண்ணைப் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்குச் சரியாக ஆகிற ஒரு தொகை சொன்னார். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எண் நூறுக்குள் இருந்தால் இரண்டு மடங்கு கொடுப்பேன், பத்துக்குள் இருந்தால் நீங்கள் கேட்டதைக் கொடுப்பேன், குறைந்த எண்ணுக்கு மதிப்பே தனி என்றும் சொல்லிவைத்தார். எண் குறைந்தால் வண்டி வேகமாக ஓடுமா, பெட்ரோல் குறைவாகக் குடிக்குமா? ஒன்றும் கிடையாது. ஆனால் எண்ணைத் தேய்த்தே சோறு தின்ற மனிதரிடம் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும்? இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். வெள்ளைச்செருப்பு முகம் வாடிப் போனார். மறுநாள் காலை பென்சில்காரர் பழக்கதோஷத்தில் ஒரு அச்சு எடுத்துப் பார்த்தார். இருநூற்றுப் பதிமூன்று. பென்சிலைச் சீவிக்கொண்டு இன்னும் மூன்று முறை எடுத்தார். பிசகே இல்லை.

அன்றைக்கே வாசலில் ‘வண்டி விற்பனைக்கு’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார். வருகிறவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வண்டியைச் சுற்றிக் காட்டி, ஆசை மூட்டி, கடைசியில் விற்கிற எண்ணம் இல்லை என்பார். ஒவ்வொருத்தருக்கும் ஒன்று குறைந்தது. சீக்கிரம் முடிக்கலாம் என்று மச்சினரை வரச்சொல்லி விலை கேட்க வைத்தார். வெல்டிங் கடை வைத்திருந்த அந்த மச்சினர் பத்து முறை கேட்டும் எண் அசையவில்லை. உண்மையாக ஆசைப்பட்டு, உண்மையாக மனசு ஒடிந்து திரும்பினால்தான் கணக்கு. இது புரிந்த பிறகு பென்சில்காரர் ஆட்களின் முகத்தைப் பார்த்தே எத்தனை தேறும் என்று சொல்லக் கற்றுக்கொண்டார். தன் அப்பா ஓட்டிய அதே வண்டி என்று சொல்லிக் கண் கலங்கிய தபால்காரர் ஒருவரால் மட்டும் ஒரே நாளில் இரண்டு குறைந்தது. தெருவும் பழகிவிட்டது. இன்றைக்கு எத்தனை என்று காய்கறிக் கடையில் விசாரிப்பார்கள், நூற்று அறுபது என்பார், சரி என்று தக்காளியை நிறுப்பார்கள்.

டாக்டர் சொன்ன வருடம் முடிந்தபோது எண் நூற்று முப்பத்தொன்றில் இருந்தது. அவள் எண்பது சட்டையிலிருந்து நாற்பதுக்கு வந்திருந்தாள். நூறு வந்துவிட்டால் விற்றுவிடுவதாக அவர் சொன்னார். நூறும் வந்தது. இனி ஐம்பது பக்கம்தானே என்றார். மச்சினர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, “அக்கா கண்ணை வச்சு சூதாடுறீங்க மாமா” என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனார். பிறகு வரவே இல்லை. பென்சில்காரர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல டாக்டரிடம், பெரிய ஆஸ்பத்திரியில், இரண்டு கண்ணுக்கும் ராஜ வைத்தியம் செய்யப்போகிறேன் என்று அவர் நிஜமாகவே நம்பினார். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் தெருவே திட்டியிருக்கும். அது இல்லாததால் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மூன்றாவது வருடம் எண் ஒன்பதுக்கு வந்து நின்றது. கேட்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள், அந்த வீட்டில் விற்க மாட்டார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒரு சாயங்காலம் அவள் ஊசியில் நூல் கோக்க முயன்று முயன்று, கடைசியில் ஊசியை மடியில் வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, நடுவுல மட்டும் கொஞ்சம் தெரியுது. உங்க மூக்கு தெரியுது, காது தெரியல. இப்பவாவது வித்துடுங்க. எங்கப்பா எனக்குக் கொடுத்த வண்டி. நான் கேக்கறேன், எனக்காகக் கொடுத்துடுங்க.”

“இன்னும் கொஞ்சம் பொறும்மா. ஒன்பதுதான் இருக்கு.”

அவள் மடியில் இருந்த ஊசியைத் தடவி எடுத்து நூல்கண்டில் குத்தி வைத்தாள். காலையில் அச்சு எடுத்தபோது தாளில் ஒன்று என்று விழுந்தது. ஒரே ராத்திரியில் எட்டு குறைந்திருந்தது. முந்தைய நாள் யாரும் வரவில்லை, யாரையும் திருப்பி அனுப்பவில்லை. எது குறைத்தது என்று அவருக்கு உடனே புரிந்தது. புரிந்தும் அவர் சந்தோஷப்பட்டார். மற்ற எல்லாவற்றையும் பின்னாளில் ஏதோ சொல்லிச் சமாதானம் செய்துகொண்டார், அந்தக் காலை நேரத்துச் சந்தோஷத்தை மட்டும் அவரால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

சொல்லி அனுப்பியதும் வெள்ளைச்செருப்பு அன்றே வந்தார். எண்ணைத் தடவிப் பார்த்தார். கம்பெனி செய்த முதல் வண்டி! பென்சில்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ப் பதிவுப் புத்தகத்தை எடுத்துவந்து நீட்டினார். வெள்ளைச்செருப்பு முதல் பக்கத்தைப் பிரித்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

“சார், புக்ல இருநூத்திப் பதினாலுன்னு இருக்கு. வண்டியில ஒண்ணுன்னு இருக்கு. இது உங்க வண்டியே இல்லன்னுதானே யாரும் சொல்லுவாங்க?”

மூன்று வருடமும் இரண்டு மாதமும் அந்த மனிதருக்கு இது தோன்றவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் தோன்றவில்லை. இரும்பில் எண் மாறியது, அலமாரியில் இருந்த புத்தகத்தில் மாறவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆபரேஷனுக்கு ஆகிற பழைய விலைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், பாதி என்றார், கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணை அழித்து வெட்டிய வண்டியைத் தொட்டால் என்னையும் உள்ளே தள்ளுவார்கள் என்று வெள்ளைச்செருப்பு கையை விடுவித்துக்கொண்டு போனார். உடைத்த இரும்பு வாங்குகிறவர்கூடப் புத்தகமும் எண்ணும் ஒத்துப்போகாமல் வண்டியை உடைக்க மாட்டேன் என்றார். கந்துவட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்கள். டாக்டர் விளக்கை அவள் கண்ணில் அடித்துப் பார்த்து, அணைத்து, காப்பாற்ற இனி எதுவும் மிச்சமில்லை என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது அவள் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பென்சில்காரர்தான் சமைக்கிறார், தலை வாரி விடுகிறார். வண்டி அங்கேயே நிற்கிறது. அவர் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது, சாப்பாடு எடுத்துக்கிட்டீங்களா என்று கேட்கிற அதே குரலில் அவள் தினமும் கேட்கிறாள், “வண்டியைக் கொடுத்தாச்சா?” இல்லை என்கிறார். சரி என்கிறாள். அவர் படிக்குக் கீழே குனிந்து தாளை வைத்துத் தேய்க்கிறார், ஒன்று பூஜ்யமாகியிருக்கும், ஒடிவதற்கு அவளுக்குள் ஒரு பொட்டு ஆசையாவது இன்னும் மிச்சம் இருந்திருக்கும் என்று. தினமும் ஒன்று என்றே விழுகிறது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்.