முன்பலகை

காயலில் மிதக்கும் வள்ளத்தின் முன்பலகையில் வெயில் விழுந்து கிடக்கிறது, யாரும் உட்காராத இடத்தில் மட்டும் அவ்வளவு மஞ்சள் வெயில், சண்டை போடாமல் இந்த வீட்டுப் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டுக்கொடுத்ததே இல்லையே என்று பகவதி நினைக்கிறாள், நினைக்கும்போதே அவளுக்கு எட்டு வயது ஆகிவிடுகிறது, அதே அஷ்டமுடிக் காயல், அதே பொழுது சாயும் நேரம், அப்பா செத்த வருஷம், அண்ணன் நீலகண்டன் தானாக நகர்ந்துகொள்கிறான், தம்பி தாணு சண்டைக்கு வரவில்லை, இன்னைக்கு நீ வள்ளத்துல முன்னால இரி மக்ளே என்கிறாள் அம்மை, அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, மடியில் வைத்த பை என்ன எம்மா இந்தக் கனம் கனக்கு என்று கேட்டாள், பெரியம்மைக்குப் பலகாரம் என்றாள் அம்மை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

எட்டு வயதில் எதைச் சந்தேகப்படுவாள், தீவில் இறங்கியதும், பெரியம்மை வீட்டுல வாத்துக்குஞ்சு பொரிச்சிருக்கு, ஓடிப்போய்ப் பாத்துட்டு வா என்றார்கள், ஓடினாள், ஏழு குஞ்சு, தாணுவிடம் சொல்ல மூச்சிரைக்கப் படித்துறைக்குத் திரும்பினால் வள்ளம் நடுக்காயலில் போய்க்கொண்டிருந்தது, முன்பலகையில் தாணு, படித்துறையில் பை, பைக்குள் அவளுடைய பாவாடைகளும் சிலேட்டும், பிள்ளையில்லாத அக்காவுக்கு அம்மை தன் மூன்றில் ஒன்றைக் கொடுத்துவிட்டாள், கொடுத்ததில்கூட அவளுக்கு ஆத்திரமில்லை, பெரியம்மை கண்ணுக்குள் வைத்துத்தான் வளர்த்தாள், வீட்டையும் அவளுக்கே விட்டுப் போனாள், ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எம்மா எம்மா என்று தொண்டை கிழியக் கத்தினாளே, ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம், அம்மையின் முதுகு மட்டும் சிறுத்துச் சிறுத்துப் போனது, நாற்பது வருஷமாக அந்த முதுகை அவள் மன்னிக்கவில்லை.

வள்ளம் லேசாக ஆடுகிறது, நாற்பத்தெட்டு வயது திரும்பி வந்துவிடுகிறது, முந்தாநாள்தான் தாணு போனில் சொன்னான், அக்கா, எல்லாருமா வள்ளத்துல சுத்தி, சூரியன் விழுறதப் பாத்துட்டு, ஒனக்க வீட்டுல ஒரு காப்பி குடிச்சிட்டுத் திரும்பிருவோம், அழைத்துப் போக இக்கரைக்கு வந்தவள் அம்மையின் பையை வாங்கினாள், கை இறங்கியது, என்னடே தாணு இந்தக் கனம், பலகாரம்க்கா, பேரப்பிள்ளைகளுக்கு முன்பலகை வேண்டாமாம், நீலகண்டன் அம்மையின் கையைப் பிடித்து, எம்மா, நீ முன்னால இரி என்கிறான், பிறகு அண்ணனும் தம்பியும் தண்ணீரைப் பார்க்கிறார்கள், பகவதி பையை விரலளவு திறந்தாள், சேலைகள், மருந்துச் சீட்டு, அப்பாவின் போட்டோ, பாவிகள், வைத்துக்கொள்ளப் போகிறவளிடம்கூடக் கேட்கவில்லை, இவர்களுக்கு அவள் வீடு, வேண்டாததை இறக்கிவிட்டுப் போகிற இடம்.

முன்பலகையில் வெயில், வெயிலில் அம்மையின் முதுகு, இப்போது மெய்யாகவே சிறுத்துப்போன முதுகு, படித்துறை நெருங்குகிறது, எம்மா, அக்காளுக்க தோட்டத்த ஓடிப்போய்ப் பாத்துட்டு வா, நாங்க இங்கன நிக்கோம் என்கிறான் தாணு, எழுபத்தைந்து வயதுக்காரியை ஓடச் சொல்கிறான், அம்மை திரும்பாமலே கேட்கிறாள், எட்டி பகவதி, திரும்பும்போ நானும் வருவேன்லா, கேட்கட்டும், கிடந்து தவிக்கட்டும் என்று பகவதிக்கு ஒரு கணம் தோன்றியது, பிறகு எழுந்து போய் அந்தப் பலகையில் அம்மையை ஒட்டி உட்கார்ந்தாள், இல்ல எம்மா, பைல ஒனக்க துணியாக்கும் இருக்கு, நீ இனி எனக்க கூடத்தான் என்றாள், அம்மை திரும்பினாள், மகன்களைப் பார்க்கவில்லை, பகவதியைப் பார்த்தாள்.