அழக்கூடாத வீடு

தேசப்பன் வாத்தியார் விசில் ஊதிக்கொண்டே வந்தார். ஸ்கவுட்டுப் பையன்களோடு எண்ணூரில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு, வெயிலில் கறுத்து, காக்கி டவுசரெல்லாம் மணலோடு, பட்டாளத்துக்காரன் மாதிரி எங்கள் ராயபுரம் சந்துக்குள் திரும்பினார். அவர் வீட்டு வாசலில் செருகியிருந்த வேப்பிலை கண்ணில் படுவதற்குள் குறுக்கே போய் நின்றேன். சந்தில் இத்தனை ஆம்பளைகள் இருந்தும் ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. வாய்க்காரி என்று பேர் எடுத்தவள் நான்தானே, நானே சொல்லித் தொலைக்க வேண்டியதாயிற்று.

"இன்னா பூவம்மாக்கா, வழிய மறிச்சிகினு?" என்று சிரித்தார்.

"கொஞ்சம் நில்லு தம்பி. உன் வூட்டுக்கு ஆத்தா வந்துகீறா. நீ போன அன்னிக்கே பெரியவ நீலாவுக்கு முத்து போட்டுச்சி."

"ஐயோ, வெறும் காய்ச்சல்னுதானே வுட்டுட்டுப் போனேன்! இப்ப எப்டி கீது?"

"ஆத்தா எட்துகினா தம்பி. நேத்து மூலக்கொத்தளம் சுடுகாட்டுல வெச்சிட்டு வந்தோம்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு ஆளு அனுப்பக்கூடாதாக்கா? எண்ணூர் இன்னா சீமையா?"

அனுப்பியிருக்கலாம்தான். அவர் பெண்டாட்டி மங்கைதான் விடவில்லை. அம்மை கண்ட வீட்டிலிருந்து போய் ஊரார் பிள்ளைகள் நடுவே நிற்பதா, நாளைக்கு இன்னொருத்தி வயிறு எரிந்தால் யார் பதில் சொல்வது என்று ஒரே பிடியாக நின்றாள். பெற்றவன் முகம் பார்க்காமல் பெண்ணை மண்ணில் வைப்பாயா, நீயெல்லாம் ஒரு தாயா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அதற்கும் அவள் அசையவில்லை.

வாத்தியார் வாயைத் திறந்தார். ஓவென்று கத்தப்போகிறார் என்று தெரிந்ததும் எட்டி அவர் வாயைப் பொத்தினேன்.

"அழுவாதே! சின்னவனுக்கும் போட்டுகீது. ஆத்தா எட்துகினதுக்கு அழுதா, கோச்சிகினு அவனையும் எட்துகுவா. மங்கை இன்னும் ஒரு சொட்டு கண்ணீர் வுடல தெரியுமா?"

இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை அவர். மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றினால் எங்களையே கேலி பேசுவார். என் கையைத் தட்டிவிட்டு என்னமோ சொல்ல வந்தார். அதற்குள் மங்கை மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வாசலுக்கு வந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தவர் வாயை மூடிக்கொண்டார். பாவி மனுஷன், அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்கு வயசாகிவிட்டது.

மங்கை அவர் காலில் தண்ணீரை ஊற்றினாள்.

"ரகு காலைலேர்ந்து நைனா நைனான்னுகினு கீறான். கூடாரத்துக் கதை சொல்றேன்னீங்களாமே. போய்ச் சொல்லுங்க. கொரல் மட்டும் ஒடையக் கூடாது. அவனுக்கு இன்னும் தெரியாது."

உள்ளே வேப்பிலைப் படுக்கையில் பிள்ளை கிடந்தான். கண் இமையெல்லாம் முத்து. காலடிச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டான்.

"நைனா, கதை சொல்லு. இரு இரு, அக்காவையும் கூப்டு. அதுவும் கேக்கட்டும்."

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். எனக்கே தாங்கவில்லை, அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

"கேக்கட்டும்டா," என்றார் வாத்தியார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பேசுகிற மாதிரி உரக்க ஆரம்பித்தார். "மொத நாளு ஏரியாண்ட கூடாரம் அட்ச்சோமா, அட்ச்சது ஒரு காத்து! துணியெல்லாம் பிச்சிகினு பறக்குது, பின்னால பசங்க ஓட்றானுங்க, அவனுங்க பின்னால நான் ஓட்றேன்..."

பிள்ளை சிரித்தான். மங்கை முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு கதவோரம் சரிந்து உட்கார்ந்தாள்.